நெடும்பயணத்தில் ஹைப்ரிட் கார் உண்மையில் எவ்வளவு மைலேஜ் தருகிறது? நீங்களே அளந்து பார்க்கும் முறை

பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைப்ரிட் கார் வாங்கிய பலருக்கு முதல் நெடும்பயணம் ஒரு சிறு ஏமாற்றத்தைத் தருவதுண்டு. ஊருக்குள் ஓட்டும்போது லிட்டருக்கு 24, 25 கிலோமீட்டர் என்று டேஷ்போர்டில் பார்த்துப் பழகியவர்கள், நெடுஞ்சாலையில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். சாதாரண பெட்ரோல் காரில் அப்படித்தான் நடக்கும். ஹைப்ரிட் காரிலோ அந்த எண் 20, 19 என்று இறங்கக்கூடும். வண்டியில் கோளாறு என்று முடிவு செய்வதற்கு முன்பு, அந்த எண் சரியானதுதானா என்று அளந்தறிய வேண்டும். சரி என்றால் அது ஏன் இறங்கியது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் தேவையானவை ஒரு நோட்டும் பேனாவும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே.

படி 1: எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேட்டரியை இரண்டாவது எரிபொருள் டேங்காக எண்ணிக்கொள்வதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். வெளியிலிருந்து சார்ஜ் செய்ய இயலாத வழக்கமான ஹைப்ரிட் காரின் பேட்டரி பெரும்பாலும் 1 முதல் 2 யூனிட் மின்சாரம் மட்டுமே கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றலோ ஏறத்தாழ 9 யூனிட். ஆக, காரை நகர்த்தும் ஆற்றல் முழுவதும் கடைசியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது. பிரேக் பிடிக்கும்போது வெப்பமாக வீணாகவிருந்த ஆற்றலைப் பிடித்து வைத்து, வண்டி மறுபடி கிளம்பும்போது திருப்பித் தருவதும், மெதுவாக ஊரும்போது என்ஜினை அணைத்துவைக்க உதவுவதுமே பேட்டரியின் முக்கிய வேலை.

நின்று நின்று போகும் நகரச் சாலையில் இந்த வேலைக்கு ஓயாமல் வாய்ப்பு கிடைக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போகும்போது பிரேக்கை மிதிப்பதே அரிது என்பதால், மீட்டெடுக்க ஒன்றுமில்லை. அப்போது உதவுவது என்ஜினின் சொந்தத் திறன்தான். பெரும்பாலான ஹைப்ரிட் கார்களில் உள்ள அட்கின்சன் சுழற்சி என்ஜின்கள் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. 2015-இல் அறிமுகமான நான்காம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸின் என்ஜின் அதிகபட்சம் 40 சதவீத வெப்பத்திறன் தரும், அதாவது பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதம் வரை இயக்கமாக மாற்றும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. எனவே உங்கள் காரின் நெடுஞ்சாலை மைலேஜ் அதன் நகர மைலேஜைவிடக் குறைந்தாலும், அதே வேகத்தில் ஓடும் அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

நிறுவனம் விளம்பரப்படுத்தும் எண்ணோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. 2017 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள டபிள்யூ.எல்.டி.பி. (WLTP) என்ற ஆய்வக எரிபொருள் சோதனை 30 நிமிடம் நீடிப்பது. கடக்கும் தூரம் சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர், ஏசியும் அணைக்கப்பட்டிருக்கும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக 110-இல் பறக்கும் பயணத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

படி 2: புறப்படுவதற்கு முன்

டயர்கள் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி சில மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு, காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனியாகக் குறித்திருந்தால் அந்த அளவே வைக்க வேண்டும்.

கூரைமேல் பெட்டி மாட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் கட்டாயம் தவிர்த்துவிடுங்கள். மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் கூரைப்பெட்டி ஒன்று மைலேஜை 10 முதல் 25 சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி. அதே சுமையை டிக்கியில் வைத்தால் இழப்பு மிகச் சிறிது.

படி 3: டேங்கை நிரப்புங்கள்

அளவீட்டின் நம்பகத்தன்மை முழுவதும் இந்தப் படியில்தான் இருக்கிறது. பெட்ரோல் போடும்போது நாசில் தானாக முதல்முறை கட் ஆகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். நீங்களே போட்டாலும் வேறொருவர் போட்டாலும், அதற்குப் பிறகு கழுத்துவரை ததும்ப ஊற்றுவது கூடாது. அப்படி ஊற்றினால் அடுத்த முறை அதே மட்டத்துக்கு நிரப்ப முடியாமல் கணக்கு கெடுவதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டிக்குள் திரவப் பெட்ரோலே புகுந்து அதைப் பாழாக்கவும் வாய்ப்புண்டு.

முதல் கட் எல்லாப் பம்புகளிலும் ஒரே மட்டத்தில் நிகழ்வதில்லை. வண்டி சற்றே சாய்ந்து நின்றாலும், நாசிலைச் செருகிய கோணம் மாறினாலும், பெட்ரோல் பாயும் வேகம் கூடினாலும் ஒரு லிட்டர் வரை வேறுபாடு வரலாம். 12 லிட்டர் மட்டும் நிரப்பி மைலேஜ் கணக்கிட்டால், அந்த ஒரு லிட்டர் உங்கள் விடையை 8 சதவீதம் புரட்டிவிடும். அதே பிழை 60 லிட்டரில் வந்தால் 2 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆகவே ஒரு டேங்க் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். பயணம் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். முடிந்தால் பயணத்தின் முதல் நிரப்பலையும் கடைசி நிரப்பலையும் ஒரே பங்கில், ஒரே பம்பில், வண்டியை ஒரே திசையில் நிறுத்திச் செய்யுங்கள். இடையில் எங்கே போட்டாலும் பரவாயில்லை, பில்லைப் பத்திரப்படுத்தினால் போதும்.

நிரப்பியதும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, ஓடோமீட்டர் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ட்ரிப் மீட்டரைப் பின்னிருக்கைக் குழந்தை அழுத்திவிடலாம். ஓடோமீட்டரை அப்படி அழிக்க முடியாது. பேட்டரி இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கவலைப்படத் தேவையில்லை: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அரை யூனிட் வித்தியாசம் இருந்தாலும், அது பெட்ரோல் கணக்கில் 150 முதல் 200 மில்லிலிட்டர்தான். வெளியிலிருந்து சார்ஜ் செய்யும் பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் ஏற்றிய மின்சாரத்தையும் தனியே குறித்து, பெட்ரோல் கணக்கோடு கலக்காமல் வைத்திருக்க வேண்டும்.

படி 4: வழியில் குறிப்பெடுங்கள்

ஒவ்வொரு நிரப்பலிலும் நான்கு எண்கள் போதும்: ஓடோமீட்டர், போட்ட லிட்டர், டேஷ்போர்டு காட்டிய மைலேஜ், சராசரி வேகம். கூடவே ‘மலை ஏற்றம்’, ‘எதிர்க்காற்று’, ‘மழை’ என்று ஓரிரு சொற்கள் எழுதிவைத்தால், வீட்டுக்கு வந்து எண்களைப் பார்க்கும்போது அவை பேசும்.

சில கார்கள் என்ஜின் அணைந்திருந்த நேரத்தைச் சதவீதமாகக் காட்டிப் பாராட்டும். அது நேரக் கணக்கே தவிர தூரக் கணக்கு அல்ல. சிக்னலில் நின்ற நேரமும் அதில் சேர்ந்துகொள்ளும்.

படி 5: கணக்கிடுங்கள்

மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் டேங்கை நிரப்பிய பெட்ரோல் கணக்கில் வராது. அதற்குப் பின் போட்டவை அனைத்தும், பயண முடிவில் மறுபடி நிரப்பியது உட்பட, கணக்கில் வரும்.

பலரும் ஒவ்வொரு கட்டத்தின் மைலேஜையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். மலைமேல் உள்ள ஓர் ஊருக்குப் போக 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டரும், திரும்பி வர அதே தூரத்துக்கு 12 லிட்டரும் செலவாயின என்று கொள்வோம். போகும்போது 15, வரும்போது 25, எனவே சராசரி 20 என்று சொல்லத் தோன்றும். ஆனால் 600 கிலோமீட்டருக்கு 32 லிட்டர் என்றால் உண்மையான விடை 18.75 தான்.

இந்த விடையை டேஷ்போர்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேஷ்போர்டு, என்ஜினுக்குள் பெட்ரோல் தெளிக்கப்படும் நேரத்தை வைத்துக் கணிக்கிறது. அது சில சதவீதம் கூடுதலாகக் காட்டுவது பல கார்களில் சகஜம். ஒவ்வொரு பயணத்திலும் ஏறத்தாழ அதே அளவு கூடுதலாகக் காட்டினால், அந்த எண்ணைக் கழித்துப் பார்க்கப் பழகிக்கொள்ளலாம். டயர் புதிதாக இருந்தபோதும் தேய்ந்த பிறகும் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 2 சதவீதம் மாறுபடும் என்பதால், ஓடோமீட்டர் தூரத்தையும் ஒருமுறை ஜி.பி.எஸ். தூரத்தோடு சரிபார்ப்பது நல்லது.

படி 6: எண் ஏன் அப்படி வந்தது என்று பாருங்கள்

முதலில் சந்தேகிக்க வேண்டியது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது: 100-இலிருந்து 120-க்குப் போனால், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றை எதிர்க்கச் செலவாகும் ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசும் நாளில் 100-இல் போனாலும் இதே நிலைமைதான், ஏனெனில் காருக்குத் தெரிவது காற்றோடு ஒப்பிட்ட வேகம். ஹைப்ரிட் தொழில்நுட்பம் இதில் செய்யக்கூடியது அதிகமில்லை.

அடுத்தது மலைச்சாலை. ஆட்களும் பெட்டிகளுமாக 1,600 கிலோ எடையுள்ள காரை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, சாலையின் மற்றச் செலவுகள் போக, 4.4 யூனிட் ஆற்றல் வேண்டும். பெட்ரோலில் அது ஒன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். இறங்கும்போது அவ்வளவும் பேட்டரிக்குத் திரும்பிவிடும் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியில் காலியாக இருக்கும் அரை யூனிட் இடம், செங்குத்தான சரிவில் ஓரிரு நூறு மீட்டர் உயரம் இறங்குவதற்குள் நிரம்பிவிடும். அதன்பின் திரையில் பேட்டரிக் கோடுகள் முழுவதும் நிறைந்திருக்க, பெட்ரோல் எரியாமலேயே என்ஜின் உரக்கச் சுழலும். அது கோளாறல்ல, வண்டியைத் தடுத்து நிறுத்த என்ஜினையே கார் பயன்படுத்துகிறது. கியரில் ‘B’ என்ற பிரேக் நிலை இருந்தால், நீண்ட இறக்கத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சமதளத்தில் அதனால் பயனில்லை.

ஏசி நெடுஞ்சாலையில் பெரிய செலவு அல்ல. கடுங்குளிரில்தான் ஹைப்ரிட் காரின் மைலேஜ் வெகுவாகச் சரியும், அதுவும் குறுகிய பயணங்களில்; காரின் உள்ளே சூடேற்றவே என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நேரிடும்.

நெடும்பயணத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. பல ஹைப்ரிட் கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரம், பின்னிருக்கையின் பக்கவாட்டிலோ அடியிலோ சிறு கம்பிவலை போல இருக்கும். பயணத்தில் தலையணையும் போர்வையும் பைகளும் சரியாக அந்த இடத்தில்தான் குவியும். துவாரம் அடைபட்டால் பேட்டரி சூடேறும். அப்போது பேட்டரி மின்சாரம் ஏற்றிக்கொள்வதையும் தருவதையும் கார் தானாகவே குறைத்துக்கொள்ளும். உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, சுமையை அங்கிருந்து நகர்த்துங்கள். அதற்குள் வடிகட்டி இருந்தால் அதில் படிந்த தூசியையும் நீக்கச் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், அதே சாலையில், அதே வேகத்தில், அதே சுமையோடு மைலேஜ் பயணத்துக்குப் பயணம் குறைந்துகொண்டே வந்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, சக்கரங்களின் அலைன்மென்ட் சரியாக இருக்கிறதா, பேட்டரியின் நலம் எப்படி என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.