எழுத்துக் கூட்டிப் படிக்க வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அ முதல் ஃ வரை கடகடவென்று ஒப்பிக்கும். 'மரம்' என்று எழுதிக் காட்டினால், 'ம… ர… இம்' என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். எழுத்து மூன்றும் சரி, சொல்தான் வரவில்லை. பிள்ளைக்கு மண்டையில் ஏறவில்லை என்று நாம் சலித்துக்கொள்கிறோம். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது அப்படியே திருப்பிச் சொல்கிறது.

மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்றுதான் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறோம். புள்ளி எழுத்தைத் தனியாகச் சொல்ல நாக்குக்கு வராது என்பதால் முன்னால் ஒரு இ ஒட்டிக்கொள்கிறது. பெயர் சொல்ல அது போதும். ஆனால் சொல்லுக்குள் போனதும் அந்த இ கழன்றுவிட வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் கல் 'க இல்' ஆகிறது, பால் 'பா இல்' ஆகிறது.

புள்ளி எழுத்தைத் தனியாக நிறுத்தாமல் முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்த்தே காட்டுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் அட்டைக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டையில் ர, இன்னொன்றில் ம். 'ர…' என்று பிள்ளை இழுத்துக்கொண்டிருக்கும்போதே ம் அட்டையைப் பக்கத்தில் நகர்த்தி ஒட்டுங்கள். ஒட்டியதும் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. 'ரம்' வந்துவிடும். பிறகு முன்னால் ம அட்டையை வையுங்கள்: ம–ரம். இதே போல ப–டம், க–டல், பட்–டம். கல், பல், கண், மண் போன்ற ஈரெழுத்துச் சொற்களில் தொடங்கினால் இன்னும் சுலபம். இந்த ஒன்றைச் சரிசெய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்த தவறு, 247 எழுத்தும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருப்பது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால், முதல் சொல்லை வாசிக்கும் முன்பே பிள்ளைக்கு நோட்டைக் கண்டாலே வெறுப்பு வந்துவிடும். அதிலும் ஙகர வரிசை! தங்கம், சங்கம் எழுத 'ங்' வேண்டும், சரி. ஙி, ஙீ, ஙு என்று பக்கம் பக்கமாக எழுத வைக்கிறோமே, அதை வைத்துப் பிள்ளை எந்தச் சொல்லைப் படிக்கப்போகிறது?

க, ட, த, ந, ப, ம, ர, ல, வ. கூடவே ட், த், ம், ல். இவ்வளவு தெரிந்தாலே படம், மரம், கடல், நகம், பகல், நகரம், பட்டம் எல்லாம் வந்துவிடும். சித்திரைத் தேர் இழுக்கும் வடமும் இதில் அடக்கம். மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போனால் 'நத்தம்' என்று பலகை மாட்டிய பஸ் நிற்கும், அதையும் வாசித்துவிடலாம். பஸ் பலகையைத் தானே படித்துவிட்ட பிள்ளையை அப்புறம் யாரும் உட்காரவைத்து விரட்ட வேண்டியதில்லை. துணைக்கால் கற்றதும் பாடம், காகம், மாமா, தாத்தா. கொம்பு வைத்த மேலூரும் தேனியும் மெதுவாக வரட்டும்.

சுவரில் மாட்டும் படங்களிலும் ஒரு கோளாறு இருக்கிறது. இ என்ற எழுத்துக்கு இலைப் படம். நம் வீட்டில் அது 'எல'. உ–வுக்கு உரல், பேச்சில் 'ஒரல்', அதுவும் இன்றைய பிள்ளை உரலைக் கண்ணால் பார்த்திருந்தால் பெரிது. படத்தைப் பார்த்து 'எல' என்று சொல்லும் பிள்ளை எந்த ஒலியைப் பிடித்துக்கொள்ளும்? இட்லி, உப்பு என்று பேச்சிலும் எழுத்திலும் ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களாகக் கொடுங்கள். கடைசியில் ஐ வரும் சொற்களிலும் இதே சிக்கல்தான்: வடை 'வட' ஆகிறது, யானைமலை 'ஆனமல' ஆகிறது. 'அப்படிச் சொல்லாதே' என்று அதட்டாதீர்கள். வீட்டில் இப்படிச் சொல்வோம், புத்தகத்தில் அப்படி எழுதுவோம் என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். 'வாளப்பளம்' என்று படித்தாலும் இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பேன். ழ–வை அடையாளம் கண்டுவிட்டதா என்று மட்டும் பாருங்கள். தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் சொல்லுக்குச் சொல் நிறுத்தித் திருத்தினால் பிள்ளை வாயையே திறக்காது.

கெ, கே, கை எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். 'ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால்' என்று உறுப்புகளை ஒப்பிக்க வைத்தால் எழுத வரும், வாசிக்க வராது. முழு எழுத்தையும் ஒரே வடிவமாகக் கண்ணில் பதிய வையுங்கள். சொல்லிக்கொடுப்பவர் அப்பத்தா என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் லை, ணை, னா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதக்கூடும். பாடப்புத்தகத்தில் அந்த வடிவம் இல்லாததால் பிள்ளை குழம்பும்.

எல்.கே.ஜி.யில் ஆங்கிலத்துக்குச் சொல்லித்தரும் ஒலிமுறையைத் தமிழுக்கும் கொண்டுவந்து, 'க் + அ = க' என்று தொடக்கத்திலேயே கணக்குப் போடுகிறார்கள். க என்பதே வாயால் சொல்லக்கூடிய ஓர் அசை; உடனே அதை உடைக்க வேண்டாம். பின்னால் இலக்கணம் படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. பாடத்தைப் பிள்ளை ராகம் போட்டுப் படிக்கும், விரல் வேறு வரியில் ஓடும். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அட்டைகளை வைத்து ஓர் எழுத்தை மட்டும் மாற்றியும் பார்க்கலாம்: மரம், மடம், படம், பாடம். எங்கே திணறுகிறதோ, மறுநாள் அந்த அட்டையிலிருந்து தொடங்குங்கள்.

புதிய சொல் கொடுக்கும்போது பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான சொல்லாக இருக்கட்டும். பகலை முதலில் 'பக்கல்' என்றுதான் படிக்கும். க–வுக்கு இடத்துக்கு இடம் ஒலி மாறுகிறதே. தெரிந்த சொல் என்றால் அதுவே ஒரு நொடி யோசித்துத் திருத்திக்கொள்ளும். அந்த ஒரு நொடிக்குள் நாம் முந்திக்கொண்டு விடையைச் சொல்லிவிடாமல் இருந்தால் போதும்.