வார்ப்பிரும்பில் துளை போட்டு மரை வெட்டுவது எப்படி

மைல்டு ஸ்டீலில் வேலை பழகியவர்கள் வார்ப்பிரும்பில் துளை போட வந்தால், கை தானாக ஆயில் கேனுக்குப் போகும். அதை அப்படியே கீழே வைத்துவிடுங்கள். சாதாரண சாம்பல் வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். டிரில் பிட் வெட்டும்போது அந்தச் செதில்கள் இருக்கும் இடத்தில் இரும்பு உடைந்து பொடியாக உதிர்கிறது. மசகு வேலையையும் கிராஃபைட்டே பார்த்துக்கொள்கிறது. இதில் ஆயிலை ஊற்றினால் பொடி குழம்பாகி, வால்வு தேய்க்கும் பேஸ்ட் மாதிரி பிட்டின் முனைகளைத் தின்ன ஆரம்பிக்கும். துளையை விட்டு வெளியேயும் வராது.

இந்தக் கருப்புப் பொடி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) இறுகுவது, உள்ளே முறிவது, போல்ட் முழு ஆழம் இறங்காமல் நிற்பது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் காரணம் அதுதான்.

முதலில், கையில் இருப்பது உண்மையிலேயே சாம்பல் வார்ப்பிரும்புதானா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் சின்ன பிட்டால் லேசாக ஒரு குழி போட்டால் தெரிந்துவிடும். பொடியாக வந்தால் சரி. சின்னச் சின்னச் சுருளாக வந்தால் அது எஸ்.ஜி. அயர்னாக இருக்கலாம், அதில் கிராஃபைட் உருண்டைகளாக இருப்பதால் உலோகம் எஃகைப் போல இழுபடும், அதற்குக் கட்டிங் ஆயில் வேண்டும்.

மூன்றாவது வகைதான் சங்கடமானது. அரத்தை வைத்து இழுத்தால் பல் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். வார்க்கும்போது மெல்லிய ஓரங்களும் மூலைகளும் சீக்கிரம் ஆறிவிடுவதால், கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் கடினமான கார்பைடாக உறைந்துவிட்ட இடம் அது. மேல்தோல் மட்டும் அப்படியென்றால் கிரைண்டரால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எடுத்துவிட்டால் கீழே மென்மையான இரும்பு கிடைக்கும். உள்ளேயும் அப்படியே இருந்தால் துளையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால் கார்பைடு பிட்டால் ஊடுதுளை போட்டு நட்டும் போல்ட்டும் வையுங்கள். அந்த இடத்தில் டேப்பை இறக்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

பேச்சுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு மெஷின் பெட்டின் (அடிப்பாகத்தின்) பக்கவாட்டில் பிராக்கெட் ஒன்றைப் பொருத்த வேண்டும். எம்10, அதாவது 10 மி.மீ. விட்ட மரைத் துளைகள் நான்கு. சுவரின் தடிமன் 30 மி.மீ. மறுபக்கம் திறக்கக்கூடாது, அதாவது எல்லாமே பிளைண்ட் ஹோல்.

எம்10 என்றால் வழக்கமான பிட்ச், அதாவது அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம், 1.5 மி.மீ. கடையில் 1.25 பிட்சிலும் போல்ட் கிடைக்கும், ஆனால் வார்ப்பிரும்பில் அப்படி நெருக்கமான மரையை வெட்ட நான் சம்மதிப்பதில்லை. கிராஃபைட் செதில் குறுக்கே வரும் இடத்தில் மெல்லிய மரை உதிர்ந்துவிடும். பிட் அளவுக்கு மரையின் விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் போதும்: 10லிருந்து 1.5 போனால் 8.5 மி.மீ. அதே கணக்கில் எம்6க்கு 5, எம்8க்கு 6.8, எம்12க்கு 10.2, எம்16க்கு 14.

அடுத்தது ஆழம். எஃகில் போல்ட்டின் விட்டம் அளவுக்கு மரை இருந்தாலே பிடிக்கும். வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அவ்வளவாகத் தாங்காது. அதனால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். எம்10க்கு 15 மி.மீ. நல்ல மரை. ஆனால் துளையை 15லேயே நிறுத்தினால் டேப்பின் கூம்பு முனைக்கும் இடமில்லை, பொடி தங்கவும் இடமில்லை. அதற்காக இன்னும் ஐந்து பிட்ச், 7.5 மி.மீ. சேர்த்தால் 22.5; முழுதாக்கி 23 மி.மீ. ஆழம் போடுகிறோம். இது முழு விட்டம் உள்ள ஆழம். பிட்டின் கூர்முனை அதற்குக் கீழே இன்னொரு 2.5 மி.மீ. போகும். மொத்தம் 25.5. சுவர் 30 என்பதால் பின்னால் 4.5 மி.மீ. மிஞ்சுகிறது. இந்தக் கழித்தலைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே மெஷினை ஓடவிட வேண்டும். காஸ்டிங்கின் (வார்த்த பாகத்தின்) தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். பக்கத்தில் ஏதாவது திறப்பு இருந்தால் வெர்னியரை விட்டு அளந்துவிடுங்கள்.

குறிக்கும் இடத்தில் பெயிண்டையும் மணல் ஒட்டிய மேல்தோலையும் சுரண்டி எடுங்கள். அந்த மணல் ஒன்றே புது பிட்டின் முனையை மழுக்கப் போதும். சாக்பீஸ் தேய்த்துக் கோடு கிழித்தால் தெளிவாகத் தெரியும். சென்டர் பஞ்சை ஓங்கி அடிக்காதீர்கள், இது எஃகு அல்ல. மெல்லிய சுவராக இருந்தால் பின்னால் ஒரு முட்டுக் கொடுத்துவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். அப்புறம் சென்டர் டிரில்லால் ஒரு குழி. பிட் ஓடாமல் நிற்க இது பஞ்ச் குறியைவிட நம்பகமானது.

வேகம் என்று பார்த்தால், ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட்டுக்கு வார்ப்பிரும்பில் நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம் பாதுகாப்பான அளவு. 8.5 மி.மீ. பிட்டுக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று. பெல்ட் மாற்றும் மெஷினில் சரியாக அந்த எண் கிடைக்காது. அதற்குக் கீழே உள்ள வேகத்தில் வையுங்கள். கைப்பிடியை அழுத்துவதில் தயங்கக்கூடாது. லேசாக அழுத்தினால் பிட் வெட்டாமல் தோலில் தேய்த்துக்கொண்டே நிற்கும், சூடாகும், முனை போகும். தொட்டதும் உறுதியாக அழுத்தித் தோலுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். நல்ல வெட்டுக்குச் சீரான, கரகரப்பான ஒரு சத்தம் உண்டு. கீச்சிட்டால் நிறுத்திவிட்டுப் பிட்டைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது பிட்டின் நடுமுனையை அல்ல, வெளி ஓரத்து மூலைகளை. வார்ப்பிரும்பில் முதலில் தேய்வது அவைதான். வட்டமாகத் தேய்ந்த பிட்டும் துளை போடும், ஆனால் துளை கீழே போகப் போக இறுகலாகிவிடும். பிறகு டேப் அங்கே போய்ச் சிக்கும்போது எல்லோரும் டேப்பைத் திட்டுவார்கள். நேர்மாறாக, இரண்டு உதடும் (வெட்டும் விளிம்பும்) சமமில்லாமல் சாணை பிடித்த பிட் துளையைப் பெரிதாக்கிவிடும். எனவே சாணை பிடித்த பிட்டை ஒரு கழிவுத் துண்டில் போட்டு அளந்துவிட்டே வேலைக்குக் கொண்டு வாருங்கள். எம்10 மரைக்கு உள்விட்டம் 8.376 முதல் 8.676 வரை இருக்கலாம் என்பது சாதாரணத் தரத்துக்கான வரம்பு. ஆகவே 8.6 வந்தால் கவலையில்லை. 8.8 வந்தால் அந்தப் பிட்டை ஓரமாக வையுங்கள்.

23 மி.மீ.யை ஒரே மூச்சில் இறக்காமல், பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு ஒருமுறை பிட்டை முழுக்க வெளியே எடுத்துப் பொடியை வெளியேற்றுங்கள். டெப்த் ஸ்டாப் இல்லாத மெஷினில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொடி பட்டு அது நகர்ந்துவிடும். அடிக்கடி அளவுகோலால் சரிபாருங்கள். ஊடுதுளையாக இருந்தால் மறுபக்கம் திறக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பெரிய சில்லாக உடைந்து விழும்.

துளை முடிந்ததும் வாயைக் கவுண்டர்சிங்க்கால் (கூம்பு முனை பிட்டால்) 10.5 மி.மீ. அளவுக்கு விரித்துவிடுங்கள். நிறையப் பேர் இதை மரை வெட்டிய பிறகு செய்கிறார்கள். டேப் நுழையும்போது முதல் மரையின் விளிம்பு பெயர்ந்து மேலே எழும்பும். பிராக்கெட் சமமாக உட்காராது. முன்பே விரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, டேப்பும் நேராக உட்காரும்.

இப்போது துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏர் கன்னை உள்ளே விட்டு ஊதுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பிளைண்ட் ஹோலில் காற்று போன வழியே திரும்பி, பொடியைக் கண்ணை நோக்கி அடிக்கும். மீதி மெஷினின் ஸ்லைடுகளில் போய் உட்காரும். வாக்குவம் கிளீனர் முனையில் ஒரு மெல்லிய குழாயை ஒட்டுநாடா சுற்றி ஒட்டித் துளைக்குள் விட்டால் அடி வரைக்கும் உறிஞ்சிவிடும். இல்லாவிட்டால் சின்ன பிரஷ். காந்தத்தை நம்பாதீர்கள், இரும்பு ஒட்டும், கிராஃபைட் அப்படியே கிடக்கும்.

டேப் செட்டில் மூன்று இருக்கும். தண்டில் ஒரு வளையம் இருப்பது முதல் டேப், இரண்டு வளையம் இருப்பது இரண்டாவது, வளையம் இல்லாததோ மூன்று வளையம் இருப்பதோ கடைசி. இந்த வகைச் செட்டில் முதல் இரண்டும் முழு அளவு வெட்டுவதில்லை. மூன்றையும் இறக்கினால்தான் மரை முழுமையாகும். நடுவில் நிறுத்திவிட்டுப் போல்ட் இறுகலாக இருக்கிறது என்று ஸ்பேனரால் திருகுவது காஸ்டிங்கை உடைக்கும் வழி. வேறு சில செட்டுகளில் மூன்றும் ஒரே விட்டம், முனைக் கூம்பு மட்டும் வேறுபடும். உங்களுடையது எது என்று சந்தேகமாக இருந்தால் மைக்ரோமீட்டரை வைத்துப் பாருங்கள். பள்ளங்கள் நேராக இருக்கும் டேப்பே இங்கே நல்லது. சுருள் பள்ளம் நீளமான சீவலை வெளியே இழுக்க வந்தது. பொடிக்கு அதனால் பயனில்லை. வெட்டாமல் உலோகத்தை நெருக்கி மரையை உருவாக்கும் ஃபார்மிங் டேப்பை வார்ப்பிரும்பு பக்கமே கொண்டுவராதீர்கள். இது நொறுங்கும் உலோகம், நெருக்கினால் வழிந்து கொடுக்காது.

துளை போட்ட அதே நிலையில் வேலைத்துண்டை அசைக்காமல், டிரில்லிங் மெஷின் சக்கில் ஒரு கூர்முனைத் தண்டை மாட்டி, அதை டேப்பின் தலையில் உள்ள குழியில் லேசாகப் பதித்துக்கொண்டு ரெஞ்சைத் திருப்புங்கள். நேராக இறங்க இதைவிட நல்ல வழி இல்லை. மெஷினை ஓட்டக்கூடாது, சக் வெறும் துணைக்குத்தான். அதற்கு வசதியில்லாத இடத்தில் இரண்டு மூன்று சுற்று போனதும் மூலைமட்டத்தை இரண்டு பக்கம் வைத்துப் பாருங்கள். நான்கு சுற்றுக்கு மேல் போய்விட்டால் டேப்பைச் சாய்த்துச் சரிசெய்ய முயலக்கூடாது, டேப்தான் முறியும்.

எஃகில் சீவலை உடைக்க ஒவ்வொரு சுற்றுக்கும் அரைச்சுற்று பின்னால் திருப்புவோம். இங்கே சீவல் ஏற்கனவே உடைந்தே வருகிறது. ஆனால் பிளைண்ட் ஹோலில் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டேப்பை முழுக்க வெளியே எடுத்துப் பள்ளங்களைத் துடைத்து, துளையை உறிஞ்சிவிட்டு மறுபடி விட வேண்டும். சலிப்பான வேலைதான். டேப்பில் ஆழக்குறி ஒன்று போட்டு வையுங்கள். குறி வருவதற்கு முன்பே அடியைத் தொட்டதுபோல் நின்றால், அது அடி அல்ல, கெட்டித்துப்போன பொடி. அங்கே ஒரு கால் சுற்று கூடுதலாகத் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் டேப்பை முறிக்கிறார்கள்.

எம்10 வரை நான் உலர்வாகவே வெட்டுவேன். அதற்கு மேல் பெரிய டேப்பாக இருந்தால் பள்ளத்தில் கொஞ்சம் மண்ணெண்ணெய். ஒரு விதிவிலக்கு உண்டு: கீழே இன்ஜின் உள்பகுதியோ கியர் பெட்டியோ இருந்து, பொடி உள்ளே விழக்கூடாது என்றால், டேப்பின் பள்ளங்களில் கிரீஸை நிரப்பிக்கொள்ளுங்கள். பொடி அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுப் புது கிரீஸ் வைக்க வேண்டும்.

முறிந்தே போய்விட்டால்? பள்ளத்துக்குள் விரல்களை விட்டுத் திருப்பும் எக்ஸ்ட்ராக்டரால் முயலலாம். மெல்லிய பஞ்சால் முன்னும் பின்னும் தட்டி அசைத்துப் பார்க்கலாம். படிகாரக் கரைசலில் ஊறவைத்தால் டேப் கரைந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். அலுமினியத்தில் அது நடக்கும்; இங்கே காஸ்டிங்கும் இரும்பு என்பதால் சேர்ந்தே கரையும். முக்கியமான பாகமென்றால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினுக்குக் கொண்டுபோவதுதான் வழி.

மரை முடிந்ததும் மண்ணெண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால் நன்றாகக் கழுவி, உள்ளே முழுக்க உலர்த்துங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன். பிளைண்ட் ஹோலின் அடியில் திரவம் தங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினால், திரவம் அமுங்காது, போக வழியும் இருக்காது. மொத்த அழுத்தமும் சுவரில் விழுந்து காஸ்டிங் விரிசல் விடும். ஹெட் போல்ட் துளையில் எண்ணெய் தேங்கியதால் இன்ஜின் பிளாக் வெடிப்பது இப்படித்தான். கழுவிய பிறகு ஒரு புது போல்ட்டை விரலால் திருகிப் பாருங்கள், 15 மி.மீ.யும் விரலுக்கே இறங்க வேண்டும்.

வேலைத்துண்டு மெஷினிலேயே இருந்தால், தொடங்கும் முன்பே ஸ்லைடுகளை மூடி வையுங்கள். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். முடித்துவிட்டு மூக்கைத் துடைத்தால் கருப்பாக வருகிறதென்றால் முகமூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அந்தப் பிராக்கெட்டை அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டியிருக்குமென்றால் போல்ட் வேண்டாம், ஸ்டட் (தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள தண்டு) போடுங்கள். போல்ட்டை ஒவ்வொரு முறை திருகும்போதும் தேய்வது காஸ்டிங்கின் மரை. ஸ்டட் என்றால் தேய்வது மேலே உள்ள நட்டும் ஸ்டட்டின் மரையும்தான், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டட்டைத் துளையின் அடியில் முட்டவைத்து இறுக்காதீர்கள். விரலால் முடிந்த அளவு இறக்கி, ஒரு சுற்று பின்வாங்கி, நட்டை மட்டும் இறுக்குங்கள்.