இரண்டு பேர், ஒரே 1000

கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில், பசுந்தேயிலை எடைக் கணக்கும் சம்பளக் கணக்கும் ஒரே என்எஃப்எஸ் சர்வரில் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் கணினியில்) இருந்தன. ஒருநாள் எடை போடும் தம்பி, "அண்ணா, சம்பள ஃபைல் எனக்குத் திறக்குதே" என்றான். பதறிவிட்டேன்.

எடைக்கும் சம்பளத்துக்கும் உள்ள இரண்டு லேப்டாப்பிலும் உபுண்டு லினக்ஸ். அதில் முதலில் உருவாக்கும் பயனருக்கு யூஐடி, அதாவது பயனர் எண், 1000. என்எஃப்எஸ் வழக்கமாக ஆளைப் பார்ப்பதில்லை, பாஸ்வேர்டும் கேட்பதில்லை. கிளையன்ட், அதாவது இணையும் லேப்டாப், சொல்லும் எண்ணை அப்படியே நம்பிவிடும். சர்வருக்கு இருவரும் ஒருவரே! ரூட் ஸ்குவாஷ் என்ற பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. அது ரூட்டின் (கணினியில் முழு அதிகாரம் உள்ள பயனரின்) 0 என்ற எண்ணை மட்டுமே மாற்றும்.

எண்களை மாற்றிக் கொடுத்தால் அன்றைக்குத் தீரும். ஆனால் லேப்டாப்பில் ரூட் அதிகாரம் உள்ளவர் எந்த எண்ணையும் போட்டுக்கொள்ளலாமே. சம்பள விவரம் விளையாட்டல்ல. அதனால் ஆள் யார் என்று உறுதிசெய்யும் கெர்பரோஸ் வைத்தேன்; எதை யாருக்குப் பகிர்வது என்று சர்வரில் எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில், கெர்பரோஸின் 'கேஆர்பி5பி' முறையை மட்டும் அனுமதித்தேன். இனி ஆளுக்கொரு டிக்கெட் (அடையாளச் சீட்டு), வழியில் போகும் தரவும் மறைகுறியாக்கத்தில்.

மழையில் கரண்ட் போய் வந்த மறுநாள் ஒரு லேப்டாப் மட்டும் டிக்கெட் வாங்க மறுத்தது. அரைநாள் தேடினேன். கடிகாரம் பின்தங்கியிருந்தது, கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம்தான் பொறுக்கும். எல்லாவற்றிலும் நேரத்தைச் சரிசெய்யும் குரோனி மென்பொருளைப் போட்டு சர்வரோடு நேரத்தை இணைத்தேன். தம்பியிடம் மறுபடி திறக்கச் சொன்னேன். "அனுமதி இல்லைன்னு வருதுண்ணா" என்றான்.