தமிழ் எங்கெல்லாம் உடையும்: தகவல் தொடர்பு வேலைக்கான டிஜிட்டல் பயிற்சி

தகவல் தொடர்பு வேலைக்கு ஆள் கேட்கும் விளம்பரங்களில் மென்பொருள் பட்டியல் நீளமாக இருக்கும். கேன்வா, ஃபோட்டோஷாப், பிரீமியர், எக்செல், அனலிடிக்ஸ், இப்போது கூடவே ஏ.ஐ. இவை ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வாங்கி வைத்திருப்பவர்கள்கூட வேலையில் சேர்ந்ததும் திணறுவது கோப்பு கைமாறும் இடங்களில்தான். நிருபர் அனுப்பிய கட்டுரை வடிவமைப்பாளரின் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். எக்செல்லில் இருந்த பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறும். வீடியோவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போகும். இந்த இடங்களைத் தெரிந்து வைத்திருப்பவரைத்தான் எந்த அலுவலகமும் விடாது. பொத்தான்களை ஒரு வாரத்தில் யாரும் பழகிக்கொள்ளலாம்.

பேச வசதியாக ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஓர் அறக்கட்டளை இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்துகிறது. பத்திரிகைக் குறிப்பு, போஸ்டர், எஸ்.எம்.எஸ்., ஒரு நிமிட வீடியோ, கடைசியில் ஓர் அறிக்கை. இவ்வளவும் உங்கள் பொறுப்பு.

தட்டச்சும் குறியாக்கமும்

முதலில் விசைப்பலகை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை அவசரத்துக்கு ஆகும். நாள் முழுக்க எழுதுகிறவருக்கு ஆகாது. 1999ல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கமும் இருக்கும். 'கா' வேண்டுமானால் க, ஆ என இரண்டு தட்டு. ஒரே எழுத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே 'ந்த' ஆகும். தினம் அரை மணி நேரம் பழகினால் சில வாரங்களில் விசையைப் பார்க்காமல் அடிக்கலாம்.

அடுத்தது யூனிகோட், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியாக்கம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்கள். எழுத்துருதான் அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் போர்வை விலகி வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. ஆனாலும் அச்சகங்களிலும் பழைய டி.டி.பி. மையங்களிலும் இன்றும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன, இலங்கையில் குறிப்பாகப் பாமினி. ஆகவே எழுத்துரு மாற்றி ஒன்றைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். மாற்றும் முன் மூல எழுத்துரு எது என்று கேட்டுவிடுங்கள். வானவில் கோப்பைப் பாமினி என்று சொல்லி மாற்றினால் குப்பை வேறு குப்பையாகும். ஆங்கிலச் சொற்களும் எண்களும் கலந்த பத்திகளை மாற்றி முடித்ததும் வரி வரியாகப் பாருங்கள், எழுத்துரு மாற்றி அவற்றையும் தமிழாக்கியிருக்கும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. 'பௌர்ணமி' என்பதில் வருவது ஔகாரக் குறி. அதைக் கொம்பும் ளகரமுமாக அடித்தாலும் திரையில் வித்தியாசம் தெரியாது. தேடினால் அகப்படாது, படித்துக்காட்டும் செயலிகள் தவறாக வாசிக்கும். இதை 'அனைத்தையும் மாற்று' கொடுத்துத் திருத்த முயலாதீர்கள். வெள்ளம், தெளிவு எல்லாம் சேர்ந்து சிதைந்துவிடும். ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும்.

போஸ்டர்

வடிவமைப்பு மென்பொருளில் தமிழை ஒட்டியதும் 'கொடை'யின் கொம்பு க-வுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். இன்டிசைனில் பாராகிராஃப் பலகத்தின் மெனுவுக்குப் போய் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் பிரிஃபரன்ஸ், டைப் பகுதியில் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' இருக்கும். இன்னும் பழைய பதிப்புகளில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. அதை மாற்றிய பிறகும் ஏற்கெனவே அடித்த பத்திகள் பழைய முறையிலேயே நிற்கலாம். பத்தியைத் தேர்ந்தெடுத்துத் தனியாக மாற்ற வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எங்கிருந்தோ இறக்கிய விலைக்குரிய எழுத்துருவை நிறுவனத்தின் போஸ்டரில் போடாதீர்கள். தமிழில் மேல் கொக்கியும் கீழ்ச்சுழியும் அதிகம், அதனால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டி, எழுத்தளவின் ஒன்றரை மடங்கை ஒட்டி வையுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது சுற்றிலும் 3 மி.மீ. பிளீடு (வெட்டும் கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி), படங்கள் 300 பி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி), எழுத்துரு உள்ளே பதிந்த பி.டி.எஃப். எந்தக் காரணத்துக்காகவும் போஸ்டரை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் அப்படியே போகும்.

க்யூ.ஆர். கட்டத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு: நின்று பார்க்கும் தொலைவில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செ.மீ. கட்டம். இலவசத் தளங்கள் தரும், அந்தத் தளம் வழியாகத் திருப்பிவிடும் 'டைனமிக்' க்யூ.ஆர். சிலது சோதனைக் காலம் முடிந்ததும் செத்துப்போகும். போஸ்டர் சுவரில் இருக்கும், இணைப்பு இருக்காது. நேரடி முகவரியைப் பதித்த 'ஸ்டாட்டிக்' வகையே போதும்.

எஸ்.எம்.எஸ். கணக்கு

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதுவும் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'தமிழ்' மூன்றெழுத்து, ஆனால் கணக்கில் ஐந்து. 'கண் சிகிச்சை முகாம்' என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்தும் இரண்டு இடைவெளியும், கணக்கில் 19. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒரு துண்டுக்கு 67 மட்டுமே கிடைக்கும். 71 வந்தால் இரண்டு செய்திக்கான காசு. பத்தாயிரம் பேருக்கு அனுப்பும்போது ஓர் உபரிச் சொல்லின் விலை என்னவென்று கணக்காளருக்கு நன்றாகத் தெரியும். இதே செய்தியை எக்ஸ் தளத்தில் போடும்போதும் வரம்பான 280ஐ இப்படியேதான் எண்ண வேண்டும், எந்த இணைப்பும் 23 எனக் கணக்காகும்.

இந்தியாவில் மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. தளத்தில் பதிவு கட்டாயம். அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் முன்பே பதிந்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். வாசகத்தில் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி வழியிலேயே நிற்கும், எனவே முகாமுக்கு முந்தின நாள் உட்கார்ந்து வாசகம் எழுதினால் நடக்காது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலிலோ உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ஒரு பட்டியலில் 256 பேர்.

வீடியோ: முதலில் காது

படம் சுமாராக இருந்தால் பார்ப்பார்கள், குரல் கேட்கவில்லை என்றால் தள்ளிவிட்டுப் போவார்கள். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். புடவை, துப்பட்டா உரசாத இடமாகப் பாருங்கள். பேச்சின் உச்சம் -12 டெசிபெல்லை ஒட்டி நிற்கட்டும். 0ஐத் தொட்டால் கிழிந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாத 30 வினாடியையும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் அந்த அமைதியைத்தான் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் இடிக்கும். வயர்லெஸ் மைக் என்றால் வேறொரு போனையும் பக்கத்தில் பதிவில் வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். பிறகு இரண்டு ஒலியையும் பொருத்த அந்தச் சத்தம் உதவும்.

மருத்துவமனை டியூப்லைட், எல்.இ.டி. விளக்குகளின் கீழ் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை மினுங்குகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் பூட்டினால் பட்டை போய்விடும். போனின் சொந்தக் கேமரா இதற்கு இடம் தராவிட்டால் இலவசமான பிளாக்மேஜிக் கேமரா செயலி தரும்.

நீண்ட பேட்டிகளில் இருபதாவது நிமிடத்தில் உதடும் குரலும் விலகினால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. போன்கள் வினாடிக்கு இத்தனை சட்டகம் (ஃபிரேம்) என்ற எண்ணிக்கையைச் சீராக வைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாற்றுகின்றன. எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், நிற்கும் வீடியோவுக்கு 1080×1920. கீழே ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் எழுத்தே வேண்டாம், தளங்களின் பொத்தான்களும் விவரக் குறிப்பும் அங்கேதான் வந்து மூடும்.

சப்டைட்டிலுக்கு எஸ்.ஆர்.டி. கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். வரிசை எண், அடுத்த வரியில் நேரம், அதன்கீழ் வாசகம், பிறகு ஒரு வெற்று வரி:

1
00:00:04,200 --> 00:00:07,000
ரெண்டு வருஷமா கண்ணு மங்கல்.
இப்பத்தான் பேத்தி முகம் தெரியுது.

மில்லி வினாடிக்கு முன் வருவது காற்புள்ளி. புள்ளி வைத்தால் பல பிளேயர்கள் ஏற்காது. யூனிகோடைக் கோப்பில் பதியும் யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்க மறந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே பேசியதை எல்லாம் எழுதாமல் சுருக்குங்கள். ஆனால் பாட்டி 'தெரியுது' என்றால் 'தெரிகிறது' என்று திருத்த வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. உரையை எழுத்தாக்கும் ஏ.ஐ. கருவிகள் முதல் வரைவைத் தரும். ஊர்ப்பெயர், ஆட்பெயர், மருந்துப் பெயர், எண் ஆகிய நான்கிலும் அவை அடிக்கடி தடுக்கி விழும், அவற்றை ஒலியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நோயாளியின் பெயரும் போன் எண்ணும் உள்ள பட்டியலை அந்தக் கருவிகளில் ஒட்டாதீர்கள். இந்தியாவில் 2023லும் இலங்கையில் 2022லும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் நிறைவேறிவிட்டன. முகம் காட்டுகிறவரிடம் எழுத்திலோ கேமராவுக்கு முன்போ சம்மதம் வாங்கி, அதையும் வீடியோவோடு சேர்த்தே சேமியுங்கள்.

எக்செல்லும் அளவீடும்

பதிவுப் பட்டியல் சி.எஸ்.வி. கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்தாக வரும். அதை இருமுறை கிளிக் செய்து திறப்பதுதான் எல்லா வினைக்கும் தொடக்கம். தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாகும், இலங்கை எண்களின் முன் நிற்கும் 0 காணாமல் போகும், 91 சேர்ந்த 12 இலக்க எண்கள் அறிவியல் குறியீட்டுக்கு மாறும், தேதியில் நாளும் மாதமும் இடம் மாறும். வெற்றுத் தாளைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃபிரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாக உள்ளே கொண்டு வந்து, குறியாக்கத்தில் 65001 யூ.டி.எஃப்-8 என்பதையும், போன் எண் நெடுவரிசைக்கு 'டெக்ஸ்ட்' என்பதையும் தேர்ந்தெடுங்கள். தொகுத்து எண்ணும் பைவட் டேபிளும், ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப்பும் தெரிந்தால் அன்றாட வேலைக்குப் போதும்.

இணைப்பு அனுப்பும்போது அது எங்கிருந்து சொடுக்கப்பட்டது என்று பிறகு தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பிலிருந்து வருகிறவர்களை அனலிடிக்ஸ் பெரும்பாலும் 'டைரக்ட்' கணக்கில்தான் எழுதும். அதனால் ஒவ்வொரு வழிக்கும் தனி யூ.டி.எம். குறி (முகவரியின் கடைசியில் ஒட்டும் அடையாளச் சொற்கள்) சேர்த்த இணைப்பு வேண்டும்: மூலம், ஊடகம், இயக்கத்தின் பெயர். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதுங்கள். முதல் எழுத்து பெரிதானால் அது வேறொரு மூலமாகப் பதிவாகும். பக்க முகவரியும் ஆங்கில எழுத்தில் இருப்பது நல்லது. தமிழில் வைத்தால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' மட்டுமே 45 ஆகும்.

ஜி.ஏ.4ல் (கூகுள் அனலிடிக்ஸ் 4) முதல் நாளே தரவு தக்கவைப்பை 2 மாதத்திலிருந்து 14 மாதமாக மாற்றுங்கள். பிறகு மாற்றினால் போன தரவு திரும்பாது. அறிக்கையில் 'இத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணை மேலே போடாதீர்கள். எந்த வழியாக வந்தவர்கள் பதிவு செய்தார்கள், அவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்பதே அறக்கட்டளைக்குத் தேவை. அது ஒரு பக்கத்தில் அடங்கும்.

கணக்குப் பாதுகாப்பு பற்றி ஒரு பத்தி. முகநூல் பக்கத்துக்கும் யூடியூப் சேனலுக்கும் எப்போதும் இரண்டு நிர்வாகிகள், இரண்டடுக்குச் சரிபார்ப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் இல்லாமல் ஆதென்டிகேட்டர் செயலியில், மீட்புக் குறியீடுகள் காகிதத்தில். தனிநபர் போன் எண்ணில் தொடங்கிய பக்கம் அவர் வேலையை விட்டதும் யாருக்கும் இல்லாமல் போவது வாடிக்கை.

வேலை தேடும்போது

சான்றிதழ்க் கட்டைவிட, மேலே சொன்ன முழு வேலையையும் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். உங்கள் ஊர் நூலகம், ரத்ததான முகாம், கோயில் குளத்தைத் தூர்வாரும் குழு என்று ஏதாவது ஒன்று போதும். 300 சொல்லில் பத்திரிகைக் குறிப்பு, ஒரு போஸ்டர், 70 எழுத்துக்குள் அடங்கிய எஸ்.எம்.எஸ்., சப்டைட்டிலோடு 60 வினாடி வீடியோ, ஒரு பக்க அறிக்கை. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' என்று கோப்புக்குப் பெயர் வைக்காமல் ஆண்டு-மாதம்-நாள், பொருள், பதிப்பு எண் என்று வையுங்கள். டிரைவில் ஏற்றி அனுமதியை 'இணைப்பு உள்ள எவரும்' என மாற்றி, விண்ணப்பம் அனுப்பும் முன் உங்கள் கணக்கில் நுழையாத வேறொரு போனில் திறந்து பாருங்கள்.