அமெரிக்க பட்ஜெட் சண்டைச் செய்தியைக் குழப்பமில்லாமல் படிப்பது எப்படி?

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. 2013 அக்டோபரில் நான் வைத்த ஒரு தலைப்பு: ‘கடன் வாங்க முடியாததால் அமெரிக்க அரசு முடங்கியது’. மறுநாள் கணக்குத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் போன் செய்தார். “முடக்கம் வேறு, கடன் வரம்பு வேறு. ரெண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுட்டீங்களேம்மா” என்றார். அவர் சொன்னதுதான் சரி. அன்று முதல் இந்தச் செய்தியை எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில், சிக்கிக்கொண்டது செலவுக்கான அனுமதியா, கடனுக்கான அனுமதியா என்று பாருங்கள்.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் 12 செலவு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். குறைந்தபட்சம் தற்காலிக நீட்டிப்பாவது வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அரசு முடக்கம். ஊழியர்களில் ஒரு பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிப்பவர்கள் சம்பளம் வராமலே வேலைக்கு வருவார்கள். 2018-19-ல் இது 35 நாள் நீடித்தது, 2025-ல் 43 நாள். ஆனால் முதியோருக்கான சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் நிற்காது. அது ஆண்டுதோறும் நிறைவேறும் மசோதாக்களை நம்பியில்லை.

கடன் உச்சவரம்பு, அதாவது அரசு மொத்தம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற எல்லை, இதைவிட ஆபத்தானது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் கட்டக் கடன் வாங்கலாமா என்பதே அங்கே கேள்வி. இங்கே இரண்டு தேதிகளைத் தேடுங்கள்: வரம்பைத் தொடும் நாள், பணம் தீரும் நாள். 2023 ஜனவரி 19-ல் 31.4 டிரில்லியன் டாலர் வரம்பு தொட்டாயிற்று. ஆனால் அன்றே கஜானா காலியாகவில்லை. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளில் போட வேண்டிய முதலீட்டைத் தள்ளிவைத்து நிதித்துறை நாட்களை ஓட்டியது. உண்மையில் பணம் தீரும் நாள் ஜூன் 5 என்று நிதி அமைச்சர் யெல்லன் சொன்னார். ஜூன் 3-ல் ஒப்பந்தம் சட்டமானது. கடைசி நிமிடத்தில் தப்பினாலும் காயம் மிஞ்சும். 2011-ல் ஆகஸ்ட் 2 அன்று சமரசம் கையெழுத்தானது, ஒரு தவணையும் தவறவில்லை. ஆனாலும் மூன்றே நாளில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் மதிப்பீட்டைக் குறைத்தது.

2013-ல் இரண்டு சண்டையும் ஒரே மாதத்தில் வந்தன. அதில்தான் நான் தடுக்கி விழுந்தேன்.

அடுத்து, வாக்குகளை எண்ணுங்கள். நாடாளுமன்ற மேலவையான செனட்டில் 100 பேர். சாதாரண மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 60 பேர் வேண்டும். ஆளும் கட்சிக்கு 53 பேர் இருந்தாலும் எதிர்த்தரப்பில் ஏழு பேர் இறங்கி வர வேண்டும். எத்தனை பேர் குறைகிறார்கள் என்று எழுதாத செய்தியில் பாதிதான் இருக்கிறது. வரி, செலவு சம்பந்தப்பட்ட சில மசோதாக்களுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று தனி வழி உண்டு. 2025 ஜூலையில் டிரம்ப்பின் வரி மசோதா அந்த வழியில்தான் போனது. செனட்டில் 51-50, சமநிலையை உடைத்தது துணை அதிபர் வான்ஸின் வாக்கு.

எண்களில் கவனம். பில்லியன் என்றால் 100 கோடி, டிரில்லியன் என்றால் ஒரு லட்சம் கோடி. பற்றாக்குறை என்பது ஓராண்டில் விழும் துண்டு. 2024 நிதியாண்டில் சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். கடன் என்பது இத்தனை ஆண்டுத் துண்டும் சேர்ந்த மூட்டை. அது 2024 நவம்பரில் 36 லட்சம் கோடியைத் தாண்டியது. ‘பற்றாக்குறை குறைந்தது’ என்று வந்தால் கடன் குறைந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூட்டை மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான்.

சமரசம் வந்த அன்று, எதுவரை என்ற வரியைத் தேடிப் பிடியுங்கள். 2023 ஒப்பந்தம் வரம்பை 2025 ஜனவரி 1 வரை மட்டும் நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் வந்த அந்த வரிச் சட்டம் நாள் எதுவும் குறிக்காமல், வரம்பை 5 டிரில்லியன் டாலர் உயர்த்தியது. முதல் வகை என்றால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிடுவேன். இரண்டாவது வகை என்றால் மொத்தக் கடன் ஏறுவதை மாதாமாதம் பார்த்து வருவேன்.