மட்டக்களப்புச் சொல்லா, ஈழத்துச் சொல்லா? வட்டார வழக்கைப் பதியும் முறை

ஆங்கிலத்தில் ‘லோக்கலிசம்’ என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று, உள்ளூருக்கே முதலிடம் என்ற அரசியல் நிலைப்பாடு. அதை இங்கே விட்டுவிடலாம். மற்றது, ஓர் இடத்துக்கென்று உள்ள சொல் அல்லது சொல்முறை. நாம் வட்டார வழக்கு என்பது இதைத்தான். தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று பிரிக்கிறதே, அந்தத் திசைச்சொல்லும் இதற்குக் கிட்டத்தான் நிற்கிறது.

முதலில் எல்லையைப் பாருங்கள். வட்டாரச் சொற்பட்டியல்கள் பெரும்பாலும் பிழை விடுவது இங்கேதான். ‘கதிரை’ போர்த்துக்கேயரிடமிருந்து வந்து ஈழம் முழுக்கப் பரவிய சொல். அதை மட்டக்களப்புச் சொல் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தார் சிரிப்பார்கள். ‘மறுகா’ அப்படியல்ல. யாழ்ப்பாணத்தில் ‘பேந்து’, தமிழ்நாட்டில் ‘அப்புறம்’ வரும் இடத்தில் மட்டக்களப்பில் ‘மறுகா’ வருகிறது. ‘ஆணம்’ இன்னொரு வகை. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களான காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் குழம்புக்கு வழங்கும் இச்சொல் கடல் தாண்டித் தமிழ்நாட்டின் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடமும் உண்டு. ஆகவே அதை ஊர் வழக்கு என்பதைவிடச் சமூக வழக்கு என்பதே சரி. அண்ணனைக் குறிக்கும் ‘காக்கா’வும் அப்படியே.

கேட்கும் முறையும் முக்கியம். “பிறகு என்பதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டால் பள்ளிக்கூடத் தமிழ்தான் பதிலாக வரும். வேலையைப் பற்றிப் பேசவிடுங்கள். அறுவடைக்கு வெட்டு மெசின் வந்தபின் களவெட்டியில் (நெற்களத்தில்) பொலி தூற்றுவது (பதர் பறக்க நெல்லைத் தூற்றுவது) அருகிவிட்டது. தூற்றுகிறவர் ஏறி நின்ற முக்காலியான ‘அவுரி’யைச் சூடு மிதித்து (மாடு விட்டு நெற்கதிர் மிதித்து) பழகியவரிடம்தான் கேட்கவேண்டும். ஒரு சொல்லுக்குக் குறைந்தது 3 வீடு, 2 தலைமுறை. மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் கேட்டதை, மேற்குப் பக்கமான படுவான்கரையிலும் கேளுங்கள். அந்த இரண்டு பெயர்களுமே வட்டார வழக்குத்தான்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. இப்படி:

மறுகா — பிறகு. “இப்ப நேரமில்ல, மறுகா வாறன்.” சொன்னவரின் ஊர், வயது, தொழில். கேட்ட திகதி.

சொன்னவரின் பெயர் வேண்டாம். வாக்கியம் இல்லாத அட்டையால் பயனில்லை. காதில் விழுந்தபடியே எழுதுங்கள்; ‘வாறன்’ என்பதை ‘வருகிறேன்’ என்று திருத்தினால் பதியப்போனதே போய்விடும். சொல்லின் வேரை ஊகித்து எழுதும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடுங்கள். அங்கே ‘யாழ்ப்பாண வழக்கு’ என்ற குறி இருந்தால், அச்சொல் கிழக்கில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

எழுத்தில் எப்போது பயன்படுத்துவது? வேறு சொல் அந்தப் பொருளைத் தாங்காதபோது தயங்கவேண்டாம். “வட்டைக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று வட்டவிதானையிடம் விவசாயிகள் முறையிட்டனர்” என்பது செய்தியிலும் நிற்கும். வட்டை என்பது வயல்வெளி; வட்டவிதானை அங்கே தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்ப்பவர். ‘நீர்ப்பாசனப் பொறுப்பாளர்’ என்று மாற்றினால் அவர் யாரென்று அம்பாறை வாசகருக்கே விளங்காது. ‘மறுகா’வைச் செய்தியில் போட்டால் துருத்தும், அதன் இடம் கதையின் உரையாடல். அங்கேயும் மட்டக்களப்புப் பேச்சில் ஒருவரை விளிக்கச் சொல்லின் ஈற்றில் ஒட்டும் ‘கா’வைப் பக்கத்துக்குப் பத்து போட்டு “என்னகா, வாகா” என்று நிரப்பினால் பாத்திரம் கேலிச்சித்திரமாகிவிடும்.