கத்தி எஃகு எவ்வளவு துருத் தாங்கும்? நீங்களே சோதிக்கும் முறை

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கத்திகளை உப்புத் தண்ணீரில் நனைத்து வைத்தால், ஒன்றில் சில மணி நேரத்தில் செம்புள்ளி விழும். மற்றது அப்படியே இருக்கும். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எஃகில் என்ன கலந்திருக்கிறது, அதை எப்படிச் சூடாக்கிக் குளிர்வித்தார்கள், மேற்பரப்பை எப்படித் தேய்த்து முடித்தார்கள் என்ற மூன்றும் சேர்ந்துதான் துருவைத் தீர்மானிக்கின்றன. அந்த மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் உங்கள் சோதனைக்கு அர்த்தம் உண்டு. இல்லாவிட்டால் எதைச் சோதித்தோம் என்றே தெரியாது.

முதலில் கொஞ்சம் பின்னணி

எஃகில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருந்தால்தான் அதை ஸ்டெயின்லெஸ் என்கிறார்கள். காற்று பட்டதும் குரோமியம் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்ஸைடு படலத்தை உண்டாக்குகிறது. அதில் கீறல் விழுந்தாலும் தானாக மறுபடி மூடிக்கொள்ளும்.

கத்தி எஃகில் ஒரு சிக்கல். விளிம்பு கூர்மையாக நிற்கக் கடினம் வேண்டும், கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கார்பைடு துகள்களாக்கிவிடுகிறது. அப்படிச் சிக்கிய குரோமியம் துருவைத் தடுக்க உதவாது. டி2 என்ற கத்தி எஃகு வகையில் ஏறக்குறைய 12 சதவீதம் குரோமியம் இருக்கிறது, ஆனால் கார்பனும் 1.5 சதவீதம். அதனால் அது துருப்பிடிக்கும். ஏஇபி-எல் என்ற வகையில் குரோமியம் 13 சதவீதம்தான், ஆனால் கார்பன் 0.67 சதவீதம். துரு விஷயத்தில் இது டி2-வைவிட எவ்வளவோ மேல். விவரத்தாளில் குரோமியத்தின் அளவை மட்டும் பார்த்து எஃகு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தின் பலவீனமான இடத்தைத் துளைக்கிறது. துளைத்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழுகிறது. குழிக்குள் அமிலத்தன்மை கூடக் கூட, அது உள்நோக்கி இறங்கிக்கொண்டே போகும்.

தேவையானவை

சோதிக்க வேண்டிய எஃகுத் துண்டுகள், சாதாரணக் கார்பன் ஸ்டீல் துண்டு ஒன்று, நன்றாகத் துருத் தாங்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஸ்டெயின்லெஸ் துண்டு ஒன்று. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்கவில்லை என்றால் உங்கள் கரைசலில் ஏதோ கோளாறு. நல்ல துண்டே புள்ளியும் புண்ணுமாக ஆகிவிட்டால் சோதனை மிகக் கடுமையாகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு எஃகிலும் இரண்டு துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் 400 எண் எமரி தாள், அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கையுறை, டிஸ்டில்டு வாட்டர், தூள் உப்பு, கிராம் காட்டும் தராசு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, ஸ்ப்ரே பாட்டில், கேமரா உள்ள போன்.

புதிதாகக் கைவைப்பவர்கள் கவனிக்க: கடையிலிருந்து வரும் எஃகுப் பட்டை மென்மையாக்கப்பட்ட நிலையில் இருக்கும். அந்த நிலையில் குரோமியத்தின் பெரும்பங்கு கார்பைடில் முடங்கிக் கிடக்கும். அதை அப்படியே சோதித்துவிட்டு 'இந்த எஃகு மோசம்' என்று முடிவு கட்டினால் தவறு. கத்திக்குச் செய்வது போலவே கடினமாக்கி (நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து), பதப்படுத்திய (மறுபடி குறைந்த சூட்டில் வைத்த) துண்டைத்தான் சோதிக்க வேண்டும்.

படி 1: தேய்ப்பது

முழுச் சோதனையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய வேலை இதுதான். பலரும் அவசரப்படுவதும் இதில்தான். கரடுமுரடான பரப்பில் உப்பும் ஈரமும் தங்கும். அதனால் நுண்ணிய கண்ணாடி மணிகளை வேகமாக வீசியடித்து மங்கலாக்கிய கத்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். கண்ணாடி போல மெருகிட்டது தாமதமாகப் பிடிக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே எண் தாளால், ஒரே திசையில், ஒரே அளவுக்குத் தேயுங்கள்.

ஒவ்வொரு எஃகுக்கும் புதுத் தாள் எடுங்கள். கார்பன் ஸ்டீலைத் தேய்த்த தாளாலேயே ஸ்டெயின்லெஸ்ஸைத் தேய்த்தால் இரும்புத் தூள் அதன் மேல் பதிந்துவிடும். பிறகு துருப்பிடிப்பது அந்தத் தூள். பழி விழுவது ஸ்டெயின்லெஸ் மேல். இரும்புக் கம்பி நார் பக்கமே போகாதீர்கள்.

உலையிலிருந்து வந்த துண்டில் கரும்படலம் ஒட்டியிருக்கும். அதற்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கில் குரோமியம் குறைந்திருக்கும், அதையும் சேர்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். மெஷினில் தேய்த்தால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நீல நிறமோ பழுப்பு நிறமோ ஏறினால் அந்த இடம் சூடாகிவிட்டது. நிறம் போகும்வரை கையால் தேய்த்தாக வேண்டும்.

படி 2: எண்ணெய் நீக்குவது

சோப்பு போட்டுக் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, அசிட்டோனால் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். இதற்குப் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. விரல் ரேகையில் எண்ணெயும் உண்டு, உப்பும் உண்டு. தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் தாளாகப் பரவினால் துண்டு சுத்தம். எல்லாத் துண்டுகளையும் ஒரு நாள் உலர்ந்த இடத்தில் வையுங்கள். தேய்த்தபோது போன படலம் எல்லாவற்றிலும் ஒரே அளவு நேரம் எடுத்து வளரட்டும்.

படி 3: கரைசல்

1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு 10 கிராம் உப்பு. இது சுமார் 1 சதவீதக் கரைசல். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். ஆய்வகங்களில் செய்யும் உப்புப் பனிச் சோதனையில், ஏஎஸ்டிஎம் பி117 தரப்படி, 5 சதவீதக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் தூவுவார்கள். கத்தி எஃகுகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட அவ்வளவு உப்பு வேண்டாம் என்பது என் கருத்து. எல்லாமே சீக்கிரம் துருப்பிடித்துவிட்டால் எது மேல், எது கீழ் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இன்னும் நல்ல வழி, இரண்டு சுற்று வைப்பது. முதல் சுற்றில் உப்பே சேர்க்காத டிஸ்டில்டு வாட்டர். பலவீனமான எஃகுகள் இதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தப்பித்தவற்றை மட்டும் மறுபடி தேய்த்து, உப்புக் கரைசலுக்கு அனுப்புங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள குளோரைடு இடத்துக்கு இடம் மாறும்.

படி 4: நனைத்து வைப்பது

டப்பாவில் துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றின் அரிப்பைக் கூட்டும். இரும்புத் தட்டும் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலால் எல்லாவற்றின் மேலும் சமமாகத் தூவுங்கள். மூடியை மூடி, ஈரம் காயாமல் சில மணிக்கு ஒருமுறை மறுபடி தூவினால் போதும். முழுக்க மூழ்கடித்தால் ஆக்ஸிஜன் போதுமான அளவு கிடைக்காது. துருவை வேகமாக வரவழைப்பது காற்றோடு சேர்ந்த மெல்லிய ஈரம்தான். உப்புத் தண்ணீரில் நனைத்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி வைப்பவர்களும் உண்டு. எளிதுதான், ஆனால் பேப்பர் மடிப்பின் கீழ் அரிப்பு தாறுமாறாக நடக்கும்.

படி 5: பார்ப்பது, குறிப்பது

1 மணி, 4 மணி, 8 மணி, 24 மணி. ஒவ்வொரு முறையும் ஒரே விளக்கில், ஒரே உயரத்தில் படம் எடுங்கள். முதல் புள்ளி எப்போது தெரிந்தது என்று எழுதி வையுங்கள். பல சமயம் கடைசி நிலையைவிட இதுவே அதிகம் சொல்லும். முடிந்ததும் டிஸ்டில்டு வாட்டரில் அலசித் துணியால் ஒற்றியெடுங்கள்.

படி 6: முடிவை அளப்பது

'கொஞ்சம் துரு, நிறையத் துரு' என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து உங்களுக்கே புரியாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் 5 மில்லிமீட்டர் கட்டங்கள் வரைந்து துண்டின் மேல் வையுங்கள். துரு உள்ள கட்டங்களை எண்ணி, மொத்தக் கட்டங்களோடு ஒப்பிட்டால் சதவீதம் வந்துவிடும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டரைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வெட்டிய ஓரம் எப்போதும் முந்திக்கொண்டு துருப்பிடிக்கும்.

பிறகு ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துடைத்ததும் போய்விடுகிற கறை ஒரு ரகம். துடைத்த பிறகும் கரும்புள்ளி நின்று, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் குழி தெரிந்தால் அது வேறு ரகம். பரப்பளவு சிறிதாக இருந்தாலும் நான் குழியைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கறையைத் துடைத்துவிடலாம், விளிம்பில் விழுந்த குழி கூர்மையையே தின்றுவிடும். ஒரே எஃகின் இரண்டு துண்டுகளும் வேறு வேறு முடிவு காட்டினால் சராசரி போடாதீர்கள். தேய்ப்பதிலோ சுத்தம் செய்வதிலோ வித்தியாசம் நேர்ந்திருக்கும், மறுபடி செய்யுங்கள்.

பழகிய பிறகு

ஒரே பட்டையில் வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்றை 175 முதல் 200 டிகிரியிலும், மற்றதை 500 டிகிரிக்கு மேலும் பதப்படுத்தித் தரச் சொல்லி, இரண்டையும் சோதியுங்கள். இரண்டாவது முந்தித் துருப்பிடிக்கும். அந்தச் சூட்டில் நுண்ணிய குரோமியம் கார்பைடுகள் பிரிந்து, சுற்றியுள்ள எஃகிலிருந்து குரோமியத்தை எடுத்துக்கொள்கின்றன.

சிட்ரிக் அமிலக் குளியலையும் சோதித்துப் பார்க்கலாம். 4 முதல் 10 சதவீதக் கரைசல், 50 முதல் 60 டிகிரி சூடு, 10 நிமிடம். மேலே பதிந்த இரும்புத் தூளை இது கரைத்துவிடும். கார்பன் அதிகமுள்ள எஃகு இதில் கறுத்துப்போகலாம், ஆகவே உபரித் துண்டில் முதலில் பாருங்கள்.

காப்பர் சல்பேட் சொட்டு வைக்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். இரும்பு ஒட்டியிருக்கும் இடத்தில் செம்பு படியும், அதனால் அந்த இரும்பைக் காட்ட அது நல்ல முறை. ஆனால் குரோமியம் 16 சதவீதத்துக்குக் குறைந்த, கடினமாக்கக்கூடிய எஃகுகளுக்கு அது பொருந்தாது. இரும்புத் தூள் ஒட்டாமலேயே செம்பு படிந்துவிடலாம். உணவு படும் பரப்பிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. துருவை வேகப்படுத்துகிறேன் என்று பிளீச்சையும் வினிகரையும் கலக்கவே வேண்டாம். வருவது குளோரின் வாயு.

சோதித்த துண்டை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டுமானால், குழியின் அடிமட்டம் வரை முரட்டுத் தாளால் தேய்த்து, பிறகு 400-க்கு வாருங்கள். லென்ஸில் ஒரு குழியின் தடம் மிஞ்சியிருந்தாலும் அடுத்த துரு அங்கிருந்துதான் கிளம்பும், புது முடிவும் பொய்யாகிவிடும்.